பொத்தான் கொடுத்தால் போதும்

மனநல வேலை பார்க்கிறவர்களுக்கென்று அந்த ஊரில் ஒரு சங்கம் இருந்தது. டாக்டர்கள், ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள் என்று முந்நூறு பேர். முந்நூறு பேருக்கும் ஒரே விஷயத்தில் ஆர்வம் இருக்குமா என்ன? அதனால் சங்கத்துக்குள் பதினோரு சிறப்பு ஆர்வக் குழுக்கள். கோபத்தைப் பற்றிப் பேசும் குழு நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும். துக்கத்தைப் பற்றிப் பேசும் குழுவின் அறையிலிருந்துதான் எப்போதும் சிரிப்புச் சத்தம் வரும். போதைப் பழக்கக் குழு கூடினால் பத்து நிமிஷத்தில் டீ காலி. சும்மா சொல்லக் கூடாது, எல்லோரும் நல்லவர்கள்தான். ஊரார் மனசைப் பிரித்துப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் தங்கள் மனசை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நம்முடைய கதை 'உறக்கமும் கனவும்' குழுவில் நடந்தது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, மூன்றாவது மாடியில் கடைசி அறை. உறக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குச் சாப்பாடு முடிந்த கையோடு மூன்று மணியை ஒதுக்கிக் கொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. மேற்குப் பக்கம் இரண்டு பெரிய ஜன்னல்கள். மஞ்சள் திரைச்சீலை மூச்சு விடுகிற மாதிரி உப்பும், அமுங்கும். மின்விசிறி ஒரே சுருதியில் முனகும். மூன்றரை மணிக்கு யாராவது ஒருவர் தூங்கிவிடுவார். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது அந்தக் குழுவில் எழுதாத சட்டம். பெரும்பாலும் தூங்குகிறவர் ஒரு மூத்த மனநல மருத்துவர். அவருக்குக் 'கொட்டாவி டாக்டர்' என்று பெயர். அவர் எதிரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் கொட்டாவி விட்டுக்கொண்டே என்ன என்று கேட்பார்.

குழுவை ஆரம்பித்து பதினோரு வருஷமாக நடத்தி வருகிறவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊசி மேடம். வயது நாற்பத்து மூன்று, உளவியல் ஆலோசகர். மற்றவர்கள் பேசும்போது அவள் கையில் ஊசியும் நூலும் இருக்கும். ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய நூல்கண்டு, பொத்தான், சின்னக் கத்தரிக்கோல். சட்டையில் பொத்தான் போன ஆண்கள் கூச்சமே இல்லாமல் அவள் மடியில் சட்டையைப் போட்டுவிட்டு பனியனோடு உட்கார்ந்து தங்கள் ஆராய்ச்சியை வாசிப்பார்கள். கை வேலை செய்தால்தான் தனக்குக் காது வேலை செய்யும் என்று அவள் சொல்லுவாள். ஒரே ஒரு கண்டிப்புதான். யாரும் அவளை அக்கா என்று கூப்பிடக் கூடாது. புதிதாக வருகிற பிள்ளைகள் வாய்தவறிக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்த்து, மேடம்னே சொல்லுங்க போதும், என்று திருத்துவாள். நாலு வருஷமாகத்தான் இந்தத் திருத்தம். அதற்கு முன்னால் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

குழுவுக்கு எழுதின சட்டமும் இருந்தது. எல்லாம் ஊசி மேடமே உட்கார்ந்து எழுதியவை. தன்னிடம் வருகிறவரைப் பற்றிக் குழுவில் பேச வேண்டுமென்றால் முதலில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு அவருடைய வயதை மாற்ற வேண்டும், ஆணைப் பெண்ணாக்க வேண்டும் அல்லது பெண்ணை ஆணாக்க வேண்டும், தொழிலை மாற்ற வேண்டும். கனவை மட்டும் ஒரு சொல்கூட மாற்றக் கூடாது. கனவைத் திருத்தினால் அப்புறம் பேச என்ன இருக்கிறது என்பது அவள் வாதம். எழுதிக்கொண்டு வருகிற காகிதத்தில் வரிக்கு வரி எண் போட்டிருக்க வேண்டும்.

இந்த வரி எண் எதற்கு என்றால், அதற்குத்தான் தண்ணீர் ஜக். மேஜை நடுவில் ஒரு கண்ணாடி ஜக் இருக்கும். வாசிக்கப்படுகிற ஆள் யாரென்று கேட்பவருக்குத் தெரிந்துபோனால் ஒரு வார்த்தை பேசாமல் ஜக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போய்விட வேண்டும். வாசித்து முடிகிற வரை திரும்பக் கூடாது. ஏன் போனாய், யாரென்று தெரிந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. எந்த வரியில் ஜக் வெளியே போனது என்று மட்டும் குறிப்பில் எழுதி, அந்தக் குறிப்பைக் கையெழுத்துப் போட்டவருக்குக் காட்ட வேண்டும். ஒருத்தர் எழுந்து போனார், இந்த வரியில் போனார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். யார் என்று சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

பதினோரு வருஷத்தில் ஜக் நாலு முறை வெளியே போயிருக்கிறது. அதில் ஒரு முறை, பள்ளி ஆலோசகர் அம்மாவுக்கு நிஜமாகவே விக்கல். கனவில் மாமியாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற ஒருவரைப் பற்றி அப்போது வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா விக்கிக்கொண்டே ஜக்கைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு மாதம் முழுக்க அவளுடைய சாதுவான கணவரை எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதிலிருந்து தாகத்துக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவர வேண்டும் என்று இன்னொரு சட்டம் சேர்ந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை ஒன்பது பேர் வந்திருந்தார்கள். குழுவில் சேர்ந்து மூன்று மாதமே ஆன புது டாக்டர் முதல் தடவையாக வாசிக்கப் போகிறான். மெலிந்த பையன், மனநல மருத்துவம் படித்து முடித்த மை காயவில்லை, கழுத்துப் பட்டி அவனை இறுக்கிக்கொண்டிருந்தது. ஊசி மேடம் மடியில் கொட்டாவி டாக்டரின் கோட்டு. ஜன்னல் வெளிச்சம் மேஜையில் பாதி தூரம் வந்து ஜக்கைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜக் நிறையத் தண்ணீர். அதன் வழியாக விழுந்த வெளிச்சம் கூரையில் மெதுவாக ஆடியது.

புது டாக்டர் தொண்டையைக் கனைத்தான். ஒன்றாவது வரி. அறுபத்திரண்டு வயது ஆண், ஓய்வு பெற்ற சர்வேயர்.

ஊசி மேடம் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். புதுசுகள் எல்லாம் இப்படித்தான், வயதை மாற்றச் சொன்னால் ரெண்டால் பெருக்கிவிடுவார்கள். நிஜத்தில் முப்பத்தொன்றாக இருக்கும்.

இரண்டாவது வரி. தண்ணீர் இல்லாத ஒரு நீச்சல் குளத்துக்குள் ஒரு பஸ் நிற்கிறது.

ஊசி விரலில் ஏறியது. வலிக்கவில்லை. கோட்டில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி விழுந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த பஸ்ஸை அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பதினேழு வயது, தங்கைக்கு ஐந்து. அம்மா போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வருவார். அக்காவும் தங்கையும் ஒரே கட்டிலில் படுப்பார்கள். சின்னவள் தூக்கத்தில் தன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பாள். விடிகிறபோது பொத்தான் கையில் இருக்கும், சட்டை வாயைப் பிளந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூட மணிக்கு முன்னால் அக்கா அதை உட்கார்ந்து தைப்பாள். தைத்து முடிக்கிற வரைக்கும் சின்னவள் பக்கத்தில் குந்திக்கொண்டு கனவு சொல்லுவாள். தைக்கிற நேரம்தான் கனவு சொல்கிற நேரம். முடிச்சுப் போட்டு நூலை வெட்டிவிட்டால் கனவு முடிந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். வேறு வேறு கனவெல்லாம் வரும், போகும். இந்த பஸ் மட்டும் ஆறு வருஷம் வந்துகொண்டே இருந்தது.

அவள் இப்போது எழுந்திருக்க வேண்டும். இரண்டாவது வரியிலேயே ஜக்கைத் தூக்கியிருக்க வேண்டும். சட்டம் எழுதினவளே அவள்தானே. ஆனால் கை போகவில்லை. நாலு வருஷமாகத் தங்கையைப் பற்றி ஒரு சேதி இல்லை. ஊரைவிட்டுப் போனாள், திரும்பி வந்தாள், கல்யாணம் ஆயிற்று, ஆகவில்லை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தொலைபேசி எண் மாறிவிட்டது. இப்போது கழுத்துப் பட்டி இறுக்கின ஒரு பையன் அவளைப் பற்றி வரிக்கு எண் போட்டு வாசிக்கிறான். எப்படி எழுந்திருப்பது, சொல்லுங்கள்.

மூன்றாவது வரி. பஸ்ஸுக்குள் எல்லோரும் தூங்குகிறார்கள், எல்லோருக்கும் தலைமுடி ஈரம். நாலாவது வரி. கண்டக்டர் ஒரு அம்மா, டிக்கெட் கேட்கிறாள், இவரிடம் இல்லை. ஐந்தாவது வரி. பரவாயில்லை, ஒரு பொத்தான் கொடுத்தால் போதும் என்கிறாள். ஆறாவது வரி. பிய்த்துக் கொடுக்கிறார்.

திரைச்சீலை உப்பியது. ஊசி மேடத்துக்கு அறையே மெல்ல மிதக்கிற மாதிரி இருந்தது. கூரையில் ஆடிய வெளிச்சத்தைப் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையெல்லாம் ஈரமாக இருப்பதாகக்கூட ஒரு நொடி தோன்றியது.

அப்போது கொட்டாவி டாக்டர் கண்ணைத் திறக்காமலே பேசினார். "இந்த பஸ்ல நாம ஏற்கெனவே ஒரு தடவை ஏறியிருக்கோமே."

பள்ளி ஆலோசகர் அம்மா மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். மனுஷன் தூக்கத்தில் உளறுகிறார் என்று புது டாக்டர் நினைத்துக்கொண்டான். அவர் உளறவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் இதே கனவை ஊசி மேடமே வாசித்திருந்தாள். பத்து வயதுப் பையன், பெரியம்மா வளர்க்கிறாள் என்று போட்டு. விழித்திருந்தவர்கள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அன்றைக்கும் தூங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு மனுஷனுக்குத்தான் நினைவிருந்தது.

அவள் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. தங்கை கனவுதானே, நம் வீட்டு விஷயம்தானே என்று இருந்துவிட்டாள். பேர் மாற்றியாயிற்று, வயது மாற்றியாயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது? கனவில் வந்தவளுக்குத் தெரியும் என்பது மட்டும் அத்தனை படித்த தலையில் ஏறவில்லை. சங்கத்தின் ஆண்டு மலரில் அது அச்சாகவும் செய்தது. கடைசியில் ஒரு வரி: 'குழந்தையின் இந்தப் பிடிப்பு வளர்ப்பவருக்குச் சுமையாக இருக்கிறது, வளர்ப்பவர் அதை வெளியே சொல்வதில்லை.'

ஒரு மழை நாளில் அக்காவைக் கூட்டிப்போகக் குடையோடு சங்கத்துக்கு வந்தாள் தங்கை. கீழே வரவேற்பறையில் காத்திருந்தவள் கையில் அந்த மலர் கிடைத்தது. அக்கா படி இறங்கி வந்தபோது அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை, அழவில்லை. "நான் உனக்குச் சுமையா இருந்தேனா?" என்று கேட்டாள்.

இல்லைடி என்று சொல்லியிருக்கலாம். ஆமாம், சில நாள் இருந்தே, அதுக்காக உன்னை விட்டுட்டா போனேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் கட்டிப் பிடித்திருக்கலாம். பெட்டிக்கடை வைத்திருக்கிறவன்கூட அதைச் செய்திருப்பான். பாழாய்ப்போன தொழில் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஊசி மேடம் கேட்டாள்: "இதைக் கேக்கும்போது உனக்குள்ள என்ன தோணுது?"

தங்கை குடையை மேஜைமேல் வைத்தாள். மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

புது டாக்டர் ஏழாவது வரிக்கு வந்திருந்தான். சின்ன வயதில் வந்த கனவு, நடுவில் நின்றுபோய், இப்போது ஏழு மாதமாகத் திரும்ப வருகிறதாம். எட்டாவது வரி. அவருக்குத் தூங்கவே பயம், வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. இந்த இடத்தில் அவன் தடுமாறி, பேரன்னு வெச்சுக்கலாம், என்று சேர்த்துக்கொண்டான்.

வெச்சுக்கலாமாம். பொய் எது, நிஜம் எது? சர்வேயர் பொய், அறுபத்திரண்டு பொய், பேரன் பொய். குழந்தை? அவள் ஆசையாகத் தெரிந்துகொள்ளத் துடித்த அத்தனையும் வேஷத்துக்குள் இருந்தது. வேஷம் போட வேண்டும் என்று சட்டம் எழுதினவளும் அவளே. யாரைப் போய்க் கேட்பது. கேட்கத்தான் முடியுமா.

ஒன்பதாவது வரி. கடைசி சீட்டில் அவருடைய அக்கா உட்கார்ந்திருக்கிறாள், கண் மூடியிருக்கிறது, அவளுக்கு மட்டும் தலைமுடி காய்ந்திருக்கிறது. பத்தாவது வரி. முன்பெல்லாம் அக்காவைப் பிடித்து உலுக்கும்போதே பஸ் கிளம்பிவிடும், முழிப்பு வந்துவிடும், ஆனால் இப்போது கனவு அதற்கு மேலும் போகிறது.

அவன் பக்கத்தைத் திருப்பினான்.

அந்த ஆறு வருஷமும், பஸ் வந்த ஒவ்வொரு நாளும் காலையில் சின்னவள் இதே இடத்தில்தான் நிறுத்துவாள். அப்புறம் என்னடி ஆச்சு என்று அக்கா கேட்பாள். அப்புறம் முழிச்சுட்டேன் என்பாள். அந்த மிச்சம் இப்போது அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் தானாகக் காதில் விழும். கேட்டுவிட்டு எழுந்தால்தான் யாருக்குத் தெரியப்போகிறது?

யாருக்குத் தெரியப்போகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நினைத்த அதே வார்த்தை. அது மனசில் வந்த வேகத்தில், கோட்டு மடியிலிருந்து நழுவிக் கீழே விழ, எழுந்து ஜக்கைத் தூக்கினாள்.

ஜக் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. நிறைந்த ஜக்கோடு தண்ணீர் பிடிக்கப் போகிறாள் ஒருத்தி, எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளி ஆலோசகர் அம்மாவின் முகத்தில் எல்லாம் புரிந்துபோனது தெரிந்தது. பத்து வயதுப் பையன், பெரியம்மா, அக்கா, எல்லாம். பார்க்கட்டும் என்று ஊசி மேடம் நடந்தாள். தண்ணீர் அலம்பிக் கையெல்லாம் நனைந்தது. கதவைப் பின்னால் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் குரல் மறுபடி ஆரம்பிப்பது கேட்டது. ஒரு சொல்லும் காதில் விழக் கூடாது என்று வேகவேகமாக நடந்து, ஒரு மாடி இறங்கி, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த குழாயடிக்குப் போய் நின்றாள்.

ஜக்கைக் கொட்டினாள். மறுபடி நிரப்பினாள். மறுபடி கொட்டினாள். தாழ்வாரம் முழுக்க நீல நிறச் சுண்ணாம்பு, ஆள் நடமாட்டம் இல்லை. சாயங்கால வெயில் தரையில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. தண்ணீர் இல்லாத குளத்துக்குள் இறங்கி நிற்கிற மாதிரிதான் இருந்தது அவளுக்கு. உனக்கு அவள் சுமைதான், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பதினேழு வயசுல யாருக்குத்தான் சுமையா இருக்காது? ஆனா அந்தச் சுமை இல்லாத நாலு வருஷத்துல ஒரு நாள்கூட நிம்மதியா மூச்சு விடலையே. இதை அன்னைக்கே அவகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.

மூன்றாவது முறை ஜக்கை நிரப்பும்போதுதான் அது உறைத்தது. ஒப்புதல் படிவம். அதில் மேலே குழுவின் பெயர் இருக்கும். அடியில் சின்ன எழுத்தில் அமைப்பாளர் பெயர் இருக்கும். பதினோரு வருஷமாக ஒரே பெயர். எழுந்து போகிறவரைப் பற்றின விதியும் அதிலேயே இருக்கிறது. தங்கை எதையும் முழுக்க வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. அப்படியென்றால் தெரிந்தேதான் போட்டிருக்கிறாள். அதே அறைக்கு, அதே கனவை, இந்த முறை தானே அனுப்பியிருக்கிறாள். அக்கா என்ன செய்கிறாள், எந்த வரியில் செய்கிறாள் என்று பார்க்க.

ஊசி மேடம் குழாயை மூடிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நன்றாக, மூக்கைச் சிந்தி, யாரும் வருவார்களோ என்ற பயமில்லாமல் அழுதாள்.

அவள் மேலே போனபோது கூட்டம் கலைந்திருந்தது. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அவள் முகத்தைப் பார்க்காமல் விடைபெற்றார்கள். சட்டம் அப்படி. பள்ளி ஆலோசகர் அம்மா மட்டும் போகிற போக்கில் அவள் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். புது டாக்டர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. முதல் வாசிப்பிலேயே குழுவின் தலைவியை வெளியே அனுப்பியிருக்கிறான், பாவம்.

குறிப்பு எழுதுவது எப்போதும் அவள் வேலை. பத்தாவது வரியில் ஒருவர் வெளியே சென்றார், என்று எழுதினால் போதும். ஏழு வார்த்தைக்குள் முடிகிற விஷயம். அல்லது இரண்டாவது வரி என்று எழுதிவிடலாம், புதுப் பையனுக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் வராது. தங்கை அதைப் படிப்பாள், அக்கா இந்தத் தடவை முறையாக நடந்துகொண்டாள் என்று நினைப்பாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: 'இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. பத்தாவது வரி வரைக்கும் எழுந்திருக்கவில்லை, கேட்க ஆசையாக இருந்தது. கடைசிப் பகுதியைக் கேட்கவில்லை.' கீழே இன்னும் எழுத எவ்வளவோ இருந்தது. அது குறிப்பேட்டில் எழுதுகிற விஷயம் இல்லை என்று மூடி, பையனிடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு அதைத் தன் காகிதங்களோடு சேர்த்து எடுத்துக்கொண்டான்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமைக்குள் அந்த மாதம் எப்படிப் போனது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வேலைக்குப் போனாள், வந்தாள், வருகிறவர்களுக்குக் காது கொடுத்தாள். தூக்கத்தில் ஒரே ஒரு முறை பஸ் அவளுக்கும் வந்தது. கண்டக்டர் கையை நீட்டினாள், அவள் சட்டையில் பொத்தானே இல்லை. விழித்துப் பார்த்தால் கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. நடந்ததைக் குழுவிடம் சொல்லி, பதவியை விட்டு விலகுவதாக ஒரு கடிதமும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்று மணி. அதே வெளிச்சம், அதே முனகல். கொட்டாவி டாக்டர் முன்னதாகவே தூங்க ஆரம்பித்திருந்தார். ஊசி மேடம் கடிதத்தை எடுக்கப் பையைத் திறந்தபோது புது டாக்டர் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். கையில் ஒரு பழுப்புக் காகிதப் பை. போன மாதம் ஜக்கைத் தூக்கினவர் யாரோ அவருக்கு இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றான். கொடுக்கச் சொன்னது யார் என்றால், அந்த ஓய்வு பெற்ற சர்வேயர்தான்.

"அவர் சட்டையாம் மேடம்," என்றான் தாழ்ந்த குரலில். "மேல் பொத்தான் போயிடுச்சாம்."

அவள் பையைப் பிரித்தாள். உள்ளே வெள்ளைச் சட்டை ஒன்று. விரித்து வைத்தால் அவள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கழுத்தருகில் பொத்தான் இருந்த இடத்தில் நூல் பிசிறிக்கொண்டிருந்தது. பால் வாசனை இன்னும் போகவில்லை. பொத்தானைத் தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது.

அறுபத்திரண்டு வயது சர்வேயரின் சட்டை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. டப்பாவைத் திறந்து வெள்ளை நூல் எடுத்து, முனையை நாக்கில் நனைத்து, ஊசியில் கோத்துவிட்டாள். கை தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது.

"இங்க தைக்க வேண்டாமாம் மேடம்." புது டாக்டர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தான். அவன் காது சிவந்திருந்தது. "அங்க வந்து தைக்கணுமாம். கனவோட கடைசியை, நீங்க தைக்கும்போதுதான் சொல்வாராம்."

ஊசி மேடம் அவனைப் பார்த்தாள். இந்த மாதிரி இடத்தில் கேட்பதற்கென்றே அவளிடம் இருபது வருஷப் பழக்கத்தில் நூறு நல்ல கேள்விகள் இருந்தன. ஒன்றும் வரவில்லை.

"எங்க வரணும்?" என்றாள்.

அவன் ஒரு சீட்டைக் கொடுத்தான். தெரிந்த கையெழுத்து. முகவரியில் தெருவின் பெயரைப் பார்த்தாள். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. நாலு வருஷமாக இரண்டு நிறுத்தம். கோத்த ஊசியை அப்படியே நூல்கண்டில் குத்தி டப்பாவை மூடினாள். சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தவள், மணி மூன்றைத் தாண்டியிருப்பதும் எட்டுப் பேர் காத்திருப்பதும் நினைவுக்கு வர, தயங்கி நின்றாள்.

கொட்டாவி டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"போம்மா," என்றார். "பஸ் கிளம்பிடப் போகுது."